பவளக்கல், சிப்பிச் சுண்ணாம்பு, கொஞ்சம் கருப்பட்டி

விளாத்திகுளத்தைத் தாண்டிக் கிழக்கே போகும் சாலையில் முதலில் கரிசல்தான். மிளகாய்ச் செடி, உளுந்து, வேலிக்கருவை. கொஞ்ச நேரத்தில் கறுப்பு மண் வெளுக்கத் தொடங்குகிறது. பனை வரிசைகள் நெருங்கி வருகின்றன. கார்க் கண்ணாடியை இறக்கினால் முகத்தில் உப்புக்காற்று. அப்புறம், வீட்டுக் கூரைகளுக்கு மேலே, ஒரு சிலுவை. வேம்பார் வந்துவிட்டது.

மதுரையிலிருந்து வரும் ஒரு கணவன் மனைவியை இந்த இடத்தில் இறக்கிவிட்டு, இரண்டு நாள் அவர்கள் பின்னாலேயே போய்ப் பார்ப்போம். கற்பனைத் தம்பதிதான். ஆனால் அவர்களைப் போன்றவர்கள் விடுமுறை நாட்களில் கிழக்குக் கடற்கரைச் சாலையில் நிறையவே தென்படுகிறார்கள். கல்யாணமாகி இருபது வருடம். அவருக்கு போட்டோ பைத்தியம். அந்த அம்மாவுக்குக் கட்டடப் பைத்தியம், செட்டிநாட்டுக்குப் போனால் தூணை விட்டுவிட்டு, “இந்தப் பூச்சை எதை அரைச்சுப் பூசியிருக்காங்க?” என்று சுவரைத் தடவிப் பார்க்கிற ரகம். கோவாவுக்குப் போக வேண்டும் என்று ஐந்து வருடமாகப் பேச்சு. கிடைத்தது ஒரு சனி, ஒரு ஞாயிறு. “போர்ச்சுக்கீசியர் கட்டின கோயில்தானே பாக்கணும்? அது நம்ம பக்கத்திலேயே இருக்கு, வா” என்று அவர் வண்டியை எடுத்துவிட்டார்.

அவர் சொன்னது பாதிதான் சரி. மீதிப் பாதிதான் இந்தப் பயணம்.

வேம்பாரைச் சுற்றுலாக் கையேடுகள் கண்டுகொள்வதில்லை. கருப்பட்டி வியாபாரிகள் நன்றாக அறிவார்கள். மீனவர்களும் பனைத்தொழிலாளர்களும் வாழும் ஊர் இது. ஒரு பக்கம் வலையும் நாட்டுப்படகும், இன்னொரு பக்கம் பதநீர் காய்ச்சும் அடுப்பும். தூத்துக்குடி மாவட்டத்தின் வடக்குக் கடலோர எல்லை இதுதான். இதைக் கடந்தால் ராமநாதபுரம் மாவட்டம், சாயல்குடி. ஆனால் பழைய கணக்கில் வேம்பார் எல்லையில் இல்லை, தொடக்கத்தில் இருக்கிறது. முத்துக்குளித்துறை என்று பெயர் பெற்ற கரையின் ஏழு ஊர்களை வடக்கிலிருந்து எண்ணினால் முதல் பெயர் வேம்பார். பிறகு வைப்பார், தூத்துக்குடி, புன்னைக்காயல், வீரபாண்டியன்பட்டினம், ஆலந்தலை, மணப்பாடு. பரதவர்கள் ஆயிரக்கணக்கான ஆண்டுகளாக முத்தும் சங்கும் குளித்த கரை இது.

ஊருக்குள் பரிசுத்த ஆவி கோயில் இருக்கிறது. கடற்கரைக் கிறிஸ்தவர்கள் ‘சர்ச்’ என்று சொல்வதில்லை, கோயில்தான். கொடியேற்றம் உண்டு, சப்பரம் உண்டு, தேர் உண்டு. மணலில் கால் புதையப் புதைய நடந்து, கோயில் நிழலுக்கு வந்ததும் அந்த அம்மா வழக்கம்போல அண்ணாந்து பார்க்கவில்லை. பக்கத்துத் தெருவில், பூச்சு உதிர்ந்து கிடந்த ஒரு பழைய மதிலைப் பார்த்துவிட்டார்.

“என்னங்க, இது கல்லா, தேன்கூடா?”

கிட்டத்தில் போய்ப் பார்த்தால்தான் தெரியும். சாம்பல் கலந்த வெள்ளை. உடம்பு முழுக்க ஊசி நுழையும் துளைகள். சில இடத்தில் துளைகள் பூப்போல, ஒவ்வொன்றுக்குள்ளும் மெல்லிய கோடுகள் நடுவை நோக்கிச் சேர்கின்றன. விரலால் தேய்த்தால் மாவு ஒட்டும். நாக்கில் வைத்தால் உப்புக் கரிக்கும், வைக்க வேண்டாம். பவளப்பாறையிலிருந்து வெட்டிய கல் அது. அந்தப் பூ ஒவ்வொன்றும் ஒரு காலத்தில் ஒரு சின்ன உயிர் குடியிருந்த அறை.

மன்னார் வளைகுடாக் கரையில் பழைய வீட்டுச் சுவர்களுக்கும் மதில்களுக்கும் இந்தக் கல் தாராளமாகப் புழங்கியது. இதை மறைக்காமல் காட்டும் கட்டடம் எது என்று கேட்டால் எல்லோருக்கும் தெரிந்த பதில் தனுஷ்கோடி. 1964 டிசம்பர் புயல் கூரையையும் பூச்சையும் பிடுங்கிக்கொண்டு போனபின் எலும்புக்கூடாக நிற்கும் அந்த ஊர்க் கிறிஸ்தவக் கோயிலின் சுவர் முழுக்கப் பவளக்கல்தான். படம் எடுத்துக்கொள்ளாதவர் இல்லை; சுவரைத் தொட்டுப் பார்த்தவர் குறைவு.

ஏன் பவளக்கல்? வேறு கல் பக்கத்தில் இல்லை என்பதுதான் முதல் காரணம். கருங்கல் வேண்டுமென்றால் உள்நாட்டிலிருந்து வண்டி வண்டியாக வர வேண்டும். கடலுக்குள்ளேயோ, கைக்கெட்டும் ஆழத்தில் கல் கிடந்தது. மூழ்கிக் கல்லைப் பெயர்க்கத் தெரிந்த ஆட்களுக்கும் இந்தக் கரையில் பஞ்சமில்லை. ஈரமாக இருக்கும்போது வெட்ட எளிது, காய்ந்தால் இறுகும், துளைகள் இருப்பதால் எடை குறைவு, வெயிலைச் சட்டென்று உள்ளே விடாது. இதே கணக்கைப் போட்டவர்கள் இந்தியப் பெருங்கடலைச் சுற்றிலும் இருந்திருக்கிறார்கள். சான்சிபார் தீவின் பழைய நகரம், ஜித்தாவின் பழைய வீதிகள், மாலத்தீவில் 1658இல் கட்டிய மாலே வெள்ளிக்கிழமைப் பள்ளிவாசல் எல்லாம் பவளக்கல் கட்டடங்களே. அந்த வகையில் பார்த்தால், நம் கடற்கரையின் பழைய சுவர்களுக்கு லிஸ்பனைவிட சான்சிபார்தான் நெருங்கிய சொந்தம்.

கல்லைக் கல்லோடு ஒட்டவைக்கும் சுண்ணாம்பும் கடல் தந்ததே. சிப்பியையும் பவளத்துண்டுகளையும் சூளையில் அடுக்கிச் சுடுவார்கள். 900 டிகிரியை ஒட்டிய சூட்டில் அதிலுள்ள கரியமில வாயு வெளியேறி, கையில் எடுத்தால் பொசுக்கும் சுட்ட சுண்ணாம்பு மிஞ்சும். தண்ணீர் ஊற்றினால் கொதித்து நீறும். நீற்றிய சுண்ணாம்பை மணலோடு சேர்த்துச் செக்கில் அரைத்து, கடுக்காய் ஊறிய தண்ணீரும் கருப்பட்டித் தண்ணீரும் விட்டுப் புளிக்க வைத்தால் சாந்து. அதைப் பூசியபிறகு நடப்பது விந்தை: காற்றிலிருக்கும் கரியமில வாயுவை மெல்ல மெல்ல இழுத்துக்கொண்டு அது மறுபடியும் கல்லாகிறது. சூளையில் விட்டதைச் சுவரில் திரும்ப வாங்கிக்கொள்கிறது.

கருப்பட்டி எங்கிருந்து வந்தது என்று வேம்பாரில் கேட்பது திருநெல்வேலியில் அல்வா ஏது என்று கேட்பதைப் போல. ஓடு தாங்கும் உத்திரமும்கூடப் பனைதான்; வைரம் பாய்ந்த முதிர்ந்த மரத்தைப் பிளந்து செதுக்கிய பனங்கைகள் இரும்புக்குச் சளைக்காமல் நின்றன. கணவர் ஓர் ஓலைப்பெட்டி நிறையக் கருப்பட்டி வாங்கிக்கொண்டார். “சீனி கலக்காததுதானே?” என்று அவர் கேட்க, “அண்ணாச்சி, உடைச்சு வாயில போட்டுப் பாருங்க, பொறவு காசு குடுங்க” என்று கடைக்காரர் சொல்ல, பேரம் அங்கேயே முடிந்தது.

ஒரு காலத்தில் இந்தக் கரையில் இறங்கிய வெள்ளைக்காரர்கள் கையில் கல் கொண்டுவரவில்லை, கொத்தனாரையும் கொண்டுவரவில்லை. கொண்டுவந்தது ஒரு முகச்சாயல். சுவரும் சாந்தும் கூரையும் கையும் இங்கே இருந்தவை. ‘போர்ச்சுக்கீசியப் பாணி’ என்று ஒரே சொல்லில் முடித்துவிடுவது, சட்டையைப் பார்த்து ஆளின் ஊரைச் சொல்வது மாதிரி.

அந்தச் சட்டை எப்படி வந்தது? 1530களில் முத்துக்குளிக்கும் உரிமையைப் பற்றி இந்தக் கரையில் பெரிய மோதல். பரதவர் தலைவர்கள் கொச்சிக்குப் போய்ப் போர்ச்சுக்கீசியரிடம் பாதுகாப்புக் கேட்டார்கள். கிடைத்தது, ஞானஸ்நானத்தோடு சேர்த்து. 1535 தொடங்கி இரண்டு மூன்று ஆண்டுகளில் கரை முழுவதும் ஊர் ஊராக மதம் மாறியது. 1542இல் பிரான்சிஸ் சவேரியார் வந்தபோது பெயரளவில் கிறிஸ்தவர்களாக இருந்தவர்களுக்கு ஜெபம் சொல்லிக்கொடுக்கத் தமிழைத் தட்டுத் தடுமாறி மனப்பாடம் செய்தார். பெர்னாண்டோ, ரொட்ரீகோ, மச்சாடோ, டி குரூஸ் என்ற குடும்பப் பெயர்களெல்லாம் அந்தக் காலத்து வரவு. மீதி வரவை நாம் எல்லோருமே வீட்டில் வைத்திருக்கிறோம். ஜன்னல், சாவி, அலமாரி, மேசை, வராந்தா என்று அந்த மொழிச் சொற்களை விட்டுவிட்டுத் தமிழன் ஒரு வீட்டை வர்ணிப்பது சிரமம்.

வேம்பார் கரையில் நின்று கடலைப் பார்த்தால் தண்ணீர் அலையடிக்காமல், குளம் போலத் தளும்பும். வங்காள விரிகுடாவின் பக்கமிருந்து வருகிறவர்களுக்கு இது கடல்தானா என்று சந்தேகமே வரும். அதற்குக் காரணம் வெளியே நிற்கும் தீவுகளும் அவற்றை ஒட்டிய பவளத்திட்டுகளும். தூத்துக்குடிக்கும் ராமேஸ்வரத்துக்கும் இடையே மொத்தம் 21 தீவுகள் என்பது கணக்கு. வேம்பார்க் கூட்டத்தில் மூன்று: உப்புத்தண்ணித் தீவு, புலுவினிச்சல்லி, நல்லதண்ணித் தீவு. பெயர் வைத்தவர்கள் கடலோடிகள் என்று உடனே தெரிகிறதல்லவா? எந்தத் தீவில் தோண்டினால் குடிக்கலாம், எதில் கூடாது என்பதைப் பெயரிலேயே எழுதிவைத்துவிட்டார்கள்.

அந்த 21இல் இரண்டு இப்போது தண்ணீருக்கு அடியில். தூத்துக்குடிக் கூட்டத்தில் இருந்த விலங்குச்சல்லியும், கீழக்கரைப் பக்கம் இருந்த பூவரசன்பட்டியும் மூழ்கிப்போயின. பல பத்தாண்டுகளாகப் பவளப்பாறையை வெட்டி எடுத்ததும் மண் அரிப்பும் காரணம். வீட்டுச் சுவருக்கு எடுத்தது கொஞ்சம். சுண்ணாம்புக்கும் ஆலைகளுக்கும் கார்பைடு தயாரிப்புக்கும் படகு படகாக எடுத்ததுதான் அதிகம். 1986இல் இந்தத் தீவுகள் கடல்சார் தேசியப் பூங்காவாயின; 2001இல் பவளம் வனவிலங்குச் சட்டத்தின் முதல் பட்டியலில் சேர்ந்தது. அதாவது, சட்டத்தின் கண்ணில் பவளமும் புலியும் ஒரே வரிசை. அதன் பிறகும் சில ஆண்டுகள் கல் ஏறிக்கொண்டுதான் இருந்தது.

அந்த அம்மா மதிலை இன்னொரு முறை திரும்பிப் பார்த்தார். தேன்கூடா என்று சற்றுமுன் வியந்தவர் இப்போது ஒன்றும் சொல்லவில்லை. கணவர் வண்டியைத் தெற்கே திருப்பினார்.

வேம்பாரிலிருந்து தூத்துக்குடி ஒரு மணி நேர ஓட்டம். வழியில் வைப்பார், பிறகு உப்பளங்கள். தார்ப்பாய் போர்த்திய உப்புக் குவியல்களைத் தாண்டியதும் நகரம் பிடித்துக்கொள்கிறது. கடற்கரைச் சாலையில் நின்றால் மூன்று நூற்றாண்டுகள் நடந்து பார்க்கும் தூரத்தில் கிடக்கின்றன.

பனிமய மாதா கோயில் முதலில். பனி என்பதைக் குளிர்சாதனப் பெட்டியில் மட்டும் பார்த்த ஊருக்குப் பனிமய மாதா எப்படி? ரோம் நகரில் ஓர் ஆகஸ்ட் மாதக் கோடையில் பனி பெய்த இடத்தில் மாதாவுக்குக் கோயில் எழுந்தது என்று ஒரு பழைய நம்பிக்கை; அந்தத் திருநாள்தான் இங்கேயும் ஆகஸ்ட் 5. மாதாவின் சுரூபம் 1555இல் மணிலாவிலிருந்து கப்பலில் வந்தது என்பது ஊர் மரபு. இப்போதுள்ள கோயில் அபிஷேகமானது 1713 ஆகஸ்ட் 5இல். 1982இல் பசிலிக்கா ஆயிற்று.

அந்த 1713ஐக் கவனிக்க வேண்டும். தூத்துக்குடி அப்போது போர்ச்சுக்கீசியர் கையில் இல்லை. 1658இலேயே டச்சுக்காரர்கள் அவர்களைத் துரத்திவிட்டிருந்தார்கள். டச்சுக்காரர்கள் கத்தோலிக்கர்களுக்கு ஆகாத சீர்திருத்தச் சபையினர். கத்தோலிக்கக் குருக்களை விரட்டி, கோயில்களைக் கிடங்காக்கியவர்கள். மாதாவின் சுரூபத்தையே ஊர் ஊராக ஒளித்துவைத்த காலம் ஒன்று உண்டு. அப்புறம் எப்படி அவர்கள் கண்ணெதிரே இவ்வளவு பெரிய கத்தோலிக்கக் கோயில் எழுந்தது? முத்துக்குளிக்க ஆள் வேண்டும். பரதவரைப் பகைத்துக்கொண்டால் முத்தும் வராது, சங்கும் வராது. கம்பெனி வியாபாரி மதத்தைக் கொஞ்சம் தள்ளிவைத்துக் கணக்குப் புத்தகத்தைப் பார்த்தான் என்று நினைக்கத் தோன்றுகிறது.

இதே சாலையில் டச்சுக்காரர்கள் தங்களுக்கென்று 1750இல் கட்டிக்கொண்ட பரிசுத்த திரித்துவ ஆலயமும் இருக்கிறது. மாதா கோயில் கல்யாண வீடு என்றால் இது கணக்குப்பிள்ளை வீடு. சிறியது, சிக்கனமானது, சிலையோ சிங்காரமோ இல்லாதது. சபையின் கொள்கை சுவரிலேயே தெரிகிறது. டச்சுக் கம்பெனியின் பெயரை அவர்கள் மொழியில் சுருக்கினால் வரும் எழுத்துகள் வி.ஓ.சி. நூற்றைம்பது ஆண்டு கழித்து, 1906இல், அதே ஊரில் வெள்ளைக்காரன் கப்பலுக்குப் போட்டியாகச் சுதேசிக் கப்பல் கம்பெனி தொடங்கிய ஆளின் பெயரையும் ஆங்கிலத்தில் சுருக்கினால் வி.ஓ.சி. சரித்திரத்துக்கும் சில நேரம் குறும்பு வரும்.

மாதா கோயிலுக்குள் போனபோது கணவர் பீடத்தைப் படமெடுக்கப் போனார். மனைவி கேட்டது தேரைப் பற்றி. பரதவர்களின் சாதித் தலைவர் கபிரியேல் தெ குரூஸ் செய்வித்த தங்கத் தேர் முதன்முதலாக 1806இல் ஓடியது. வருடா வருடம் ஓடுவதில்லை. கோயிலின் முந்நூறாவது ஆண்டான 2013இல் ஓடியது, பிறகு 2023இல். வடம் பிடித்து இழுக்கும் தேர், தட்டுத் தட்டாக உயரும் தேர். கோயிலின் முகப்பு ஐரோப்பாவைப் பார்த்துச் செய்தது. திருநாளன்று வீதிக்கு வரும் கோயிலோ திருச்செந்தூரையும் திருநெல்வேலியையும் பார்த்துச் செய்தது. இரண்டையும் ஒரே கூட்டம்தான் கட்டியது, ஒரே கூட்டம்தான் கும்பிடுகிறது. இதில் முரண் தேடுகிறவர் வெளியூர்க்காரர்.

முத்துக்குளிப்பு இப்போது இல்லை. அரசு நடத்திய கடைசி முத்துக்குளிப்புகள் 1955இலிருந்து 1961 வரை. சங்கு மட்டும் இன்னும் குளிக்கிறார்கள். அந்த நாளில் காலைக் கல்லில் ஊன்றிக் கடலுக்குள் இறங்குகிறவனுக்கு மேலே படகில் கயிறு பிடிக்கிற ஆள் மைத்துனனாகத்தான் இருப்பான் என்று சொல்வார்கள். அண்ணன் தம்பியைக்கூட நம்ப முடியாது. தன் அக்காளோ தங்கையோ தாலியறுப்பதை எந்த மைத்துனனும் விரும்பமாட்டான். “உன் தம்பி பிடிப்பானா?” என்று கணவர் கேட்டார். “கயிறு பிடிப்பான், போன் வந்தா விட்டுடுவான்” என்றார் மனைவி.

இரவு நகரத்தில் தங்கல். முந்திரியும் முட்டை வெள்ளைக்கருவும் சேர்த்துச் செய்த மக்ரூன் ஒரு டப்பா. பழைய காலத்துக் கொத்தனார்கள் கடைசிப் பூச்சின் மினுமினுப்புக்கு அதே முட்டை வெள்ளைக்கருவைச் சேர்த்தார்கள் என்பது நினைவுக்கு வர, அந்த அம்மா மக்ரூனைக் கடித்துக்கொண்டே சிரித்தார்.

மறுநாள் தெற்கே. புன்னைக்காயலில் பார்க்கக் கட்டடம் அதிகமில்லை. தாமிரபரணி கடலில் கலக்கும் இடம், அவ்வளவுதான் என்று கடந்துவிடலாம். ஆனால் தமிழ் அச்சுக்கு இந்த ஊர் தாய்வீடு மாதிரி. போர்ச்சுக்கலிலிருந்து வந்து அரை நூற்றாண்டு இந்தக் கரையிலேயே வாழ்ந்த அண்ட்ரிக் அடிகளார் இங்கே இருந்துதான் தமிழ் படித்தார், இலக்கணம் எழுதினார். 1578இல் கொல்லத்தில் அச்சான ‘தம்பிரான் வணக்கம்’ அவருடைய வேலை.

அடுத்து காயல்பட்டினம். 13ஆம் நூற்றாண்டின் கடைசியில் மார்க்கோ போலோ வந்து பார்த்து வியந்த காயல் துறைமுகத்தின் வாரிசு ஊர். கல்தூண் நிறுத்தித் திராவிட முறையில் எழுப்பிய பழைய பள்ளிவாசல்கள் இங்கே உண்டு. தூணைத் தனியே பார்த்தால் கோயில் மண்டபம் என்றுதான் சொல்வீர்கள், தெய்வ உருவங்கள் மட்டும் இல்லை, கொடியும் பூவும்தான். அதைவிட விசித்திரம் வீடுகளுக்குப் பின்னால் ஓடும் முடுக்குகள். பெண்கள் தெருவுக்கு வராமல் வீட்டுக்கு வீடு போய்வர விட்ட குறுகிய சந்துகள் அவை. ஊருக்குள் இன்னொரு ஊர். வெளியாள், அதிலும் கேமராவோடு போகும் ஆண், எட்டிப் பார்ப்பது மரியாதையல்ல. கணவர் காரிலேயே உட்கார்ந்துகொண்டார்.

திருச்செந்தூரைக் கடந்து, குலசேகரன்பட்டினமும் தாண்டினால் மணப்பாடு. இந்த ஊருக்குத்தான் ஒரு முழு மாலைப்பொழுதை ஒதுக்க வேண்டும்.

கடலுக்குள் நீட்டிய ஒரு மணல்மேடு. ஒரு பக்கம் திறந்த கடல், மறுபக்கம் காயல். மேட்டின் உச்சியில் திருச்சிலுவைக் கோயில், பக்கத்தில் கலங்கரை விளக்கம். 1540ஐ ஒட்டிப் புயலில் சிக்கிய ஒரு போர்ச்சுக்கீசியக் கப்பல் தலைவர், பிழைத்தால் சிலுவை நடுவேன் என்று நேர்ந்துகொண்டு, உடைந்த பாய்மரத்தையே சிலுவையாக இங்கே நட்டார் என்பது மரபு. அந்த இடத்தில் 1581இல் கோயில் எழுந்தது. கீழே பாறைக்குடைவில் சவேரியார் தங்கியதாகச் சொல்லும் குகை. அலை வந்து மோதும் தூரத்தில் இருந்துகொண்டு, உள்ளே நல்ல தண்ணீர் தரும் கிணறு. செப்டம்பர் 14இல் முடியும் திருவிழாவுக்கு மேடு முழுக்கத் தலைகளாக இருக்கும். மற்ற நாளில் காற்று மட்டும்தான்.

கடைத்தெருவைக் கடந்தால், மீன்பிடி ஊருக்குச் சற்றும் பொருந்தாத உயரத்தில் 1889இல் கட்டிய பரிசுத்த ஆவி கோயில். வேம்பாரிலும் அதே பெயர், ஏழு துறையின் இந்தக் கோடியிலும் அதே பெயர். இது கோத்திக் பாணி. கூம்பிய வளைவுகள், மேலே மேலே என்று கண்ணை இழுக்கும் கோடுகள். இதுவும் போர்ச்சுக்கீசியர் வேலை என்று கணவர் மனைவிக்கு விளக்கத் தொடங்கினார். இல்லை. 1830களின் கடைசியில் மதுரை மிஷனை மறுபடி தொடங்க வந்த பிரெஞ்சு இயேசு சபையினரோடு இந்தக் கடற்கரையில் பரவிய ரசனை இது. அதற்கு முன்பே இருந்த கோவாக் குருக்களுக்கும் இவர்களுக்கும் யார் அதிகாரம் பெரிது என்று நெடுங்காலம் தகராறு. ஒரே ஊரில் எதிரெதிரே இரண்டு கோயில் நிற்பதற்குப் பல இடங்களில் அந்தத் தகராறும் ஒரு காரணம்.

கோத்திக் பாணி பிறந்தது 12ஆம் நூற்றாண்டில் பாரிஸ் பக்கம். வருடத்தில் பாதி நாள் வெளிச்சத்துக்கு ஏங்கும் ஊர்க்காரர்கள், சுவரை மெலிதாக்கி ஜன்னலைப் பெரிதாக்கக் கண்டுபிடித்த உத்தி அந்தக் கூம்பு வளைவு. அரைவட்ட வளைவு பாரத்தை அதிகமாகப் பக்கவாட்டில் தள்ளும். கூம்பு வளைவு அதைப் பெரும்பாலும் கீழே இறக்கும். மணப்பாட்டில் கொத்தனாரின் கவலை நேர் எதிர். வெயிலை எப்படி வெளியே நிறுத்துவது? அப்படியிருந்தும் இந்தப் பாணி இங்கே ஒட்டிக்கொண்டதற்கு உயரம்தான் காரணம் என்று தோன்றுகிறது. கடலில் கரை மறையும் தூரத்துக்குப் போகிறவனுக்கு, கடைசியாக மறைவதும் திரும்பும்போது முதலில் தெரிவதும் கோபுரம். எந்தக் கோபுரத்துக்கு நேரே எந்தப் பனைக்கூட்டம் வந்தால் எந்த இடம் என்று மீன்பாட்டின் அடையாளத்தையே அதை வைத்துத்தான் பிடிப்பார்கள். தென்கடற்கரை ஊர்களில் மீன்பாட்டில் கோயிலுக்கென்று ஒரு பங்கு ஒதுக்குவது வழக்கம். ‘தெறிப்பு’ என்று பெயர். ஓலைக்குடிசையில் இருந்துகொண்டு ஏன் இவ்வளவு உயரமாகக் கட்டினார்கள் என்று கேட்பவர்கள், அது அவர்களுக்குக் கோயிலோடு கலங்கரை விளக்கமாகவும் இருந்ததை மறந்துவிடுகிறார்கள்.

தெருக்களில் கொழும்பு வியாபாரக் காலத்துப் பெரிய வீடுகள். மாடி வராந்தா, மரச்சட்டம் போட்ட ஜன்னல், உயரமான வாசல், பெரும் பூட்டு. இலங்கைக்குப் போன பரதவர்கள் அங்கேயே வேர்விட்டார்கள். 2001 மக்கள்தொகைக் கணக்கில் இலங்கை அரசு அவர்களைத் தனி இனமாகவே பதிந்தது. இங்கே வீடுகள் காத்திருக்கின்றன. ஒரு சுவரில் அரை ஆள் உயரத்துக்குப் பூச்சு பொரிந்து தொங்கியது. அந்த அம்மா பெயர்ந்த துண்டைப் புரட்டிப் பார்த்தார்: சிமென்ட். இது கடற்கரை முழுவதும் காணும் தவறு. சுண்ணாம்புச் சுவர் ஈரத்தை உறிஞ்சி, பிறகு மூச்சுவிடுவது போல வெளியே விடும். அதன்மேல் சிமென்ட் பூசினால் ஈரம் உள்ளே மாட்டிக்கொள்கிறது. தண்ணீரில் கரைந்திருந்த உப்பு பூச்சுக்கு அடியில் படிந்து, பருத்து, பூச்சையும் அதன் பின்னால் சுவரின் தோலையும் உரித்துக்கொண்டு விழுகிறது. பழுது பார்த்ததுதான் பழுது. சுண்ணாம்பு தெரிந்த கொத்தனார் கிடைத்தால் சரி செய்யலாம். கிடைப்பதுதான் கடினம்.

இன்னும் வெயில் இருந்ததால் வண்டி உவரி வரைக்கும் போனது. அது திருநெல்வேலி மாவட்டம். முத்துக்குளித்துறையின் ஏழில் சேராது. ஆனால் விசித்திரக் கட்டடம் பார்க்கக் கிளம்பியவர்கள் கப்பல் மாதா கோயிலைப் பார்க்காமல் திரும்பினால் பயணம் நிறையாது. கரையில் ஒரு கப்பல் நிற்கிறது, அதுதான் கோயில். கப்பலின் மேல் ஓர் ஆகாய விமானம். போர்ச்சுக்கலும் இல்லை, பிரான்சும் இல்லை. எந்தப் பாணிப் புத்தகத்திலும் இதற்கு அத்தியாயம் இல்லை. கோத்திக்கைப் பார்த்து வாய் பிளந்த படித்தவர்கள் இதைப் பார்த்துச் சிரிப்பதுண்டு. கணவரும் சிரித்தார்.

“எதுக்குச் சிரிக்கிறீங்க? அங்க வெளியூர்க்காரன் கொண்டுவந்த வடிவத்தை நம்ம ஆள் கட்டினான். இங்க தனக்குத் தோணினதைக் கட்டியிருக்கான்” என்றார் மனைவி. கணவர் போனை எடுத்து நான்கு கோணத்தில் படம் பிடித்தார்.

இருட்டுவதற்குள் புறப்பட வேண்டும். திரும்பும் வழியில் மறுபடி மணப்பாட்டு மேட்டின் விளக்கு கண்ணில் பட்டது. பக்கத்துக் குலசேகரன்பட்டினம் பகுதியில், 2024 பிப்ரவரியில் ராக்கெட் ஏவுதளத்துக்கு அடிக்கல் நாட்டியிருக்கிறார்கள். கடலிலிருந்து திரும்பும் படகுக்காரருக்கு அடையாளம் பார்க்க இன்னொரு உயரம் வரப்போகிறது.

பின் இருக்கையில் மக்ரூன் டப்பாவை எடுக்கக் கையை நீட்டிய அம்மா, “ஐயய்யோ, லைட்டைப் போடுங்க” என்றார். வேம்பாரில் வாங்கிய ஓலைப்பெட்டியிலிருந்து கதவு இடுக்கு வரைக்கும் ஒரு கறுப்புக் கோடு ஊர்ந்துகொண்டிருந்தது. கடைக்காரர் பொய் சொல்லவில்லை போலிருக்கிறது. எறும்பு நன்றாகவே ருசி பார்த்திருந்தது.